முதல் விற்பனை

கடலூர் சிதம்பரம் வட்டாரச் சிறுவணிகர் கைதூக்கு மன்றத்துக்கு 2009ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு சிறுபான்மையினர் குறைந்தார்.

மன்றம் வருஷத்துக்குப் பத்துப் பேரைக் கைதூக்கிவிடும். அந்தப் பத்தில் இரண்டு பேராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்திருந்தது. ஒருவர் சுலபமாகக் கிடைத்தார், பரங்கிப்பேட்டையில் தொப்பி தைக்கிற பாய். இன்னொருவரைத் தேடி மன்றத்தின் செயலாளர் கதிர்வேல் பதினெட்டு நாள் மோட்டார் சைக்கிளில் அலைந்தார். பத்தொன்பதாம் நாள் முதுநகரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். எதிரே மர அறுவை மில்லை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. அதன் வாசலில் ‘ராபர்ட் மர வேலை’ என்று ஒரு பலகை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். உள்ளே என்ன மர வேலை நடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பெயரே போதுமானதாக இருந்தது.

ராபர்ட் சவப்பெட்டி செய்கிறவன்.

முதுநகரில் மூன்று சர்ச்சுகளுக்கும் அவன்தான் பெட்டி. ஆள் அதிகம் பேச மாட்டான். எதிரே யார் வந்து நின்றாலும் அவன் கண் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை இறங்கும். பிறகு தோளின் குறுக்கே ஒருமுறை போகும். அளவெடுக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது, தொழில் பழக்கம். கதிர்வேல் மூச்சிரைக்க வந்து நின்றதும், ‘அஞ்சடி ஏழு, தோள் பதினெட்டு’ என்று மனசு தானாகக் குறித்துக்கொண்டது.

“உன்னயக் கைதூக்கிவுடப் போறோம்” என்றார் கதிர்வேல்.

“எதுக்கு சார்?”

“எதுக்குன்னு கேக்கக் கூடாது. எப்பன்னு கேளு.”

ராபர்ட்டுக்கும் தேவை இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வந்தவர்கள் கொட்டகையின் முன்தூணில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாசி முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். மரமும் கருவியும் செய்து வைத்த பெட்டிகளும் எங்கே போகும்? நாலைந்து இடத்தில் வாடகைக்குக் கேட்டுப் பார்த்தான். தொழிலைச் சொன்னதும் “யோசிச்சிச் சொல்றோம்” என்றார்கள். மூன்று மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார்கள். மன்றமோ சிப்காட் போகிற வழியில் பத்துத் தகரக் கொட்டகை கட்டி வைத்திருந்தது, கைதூக்கப்படுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. ராபர்ட்டுக்கு ஒன்பதாம் எண் என்றார் கதிர்வேல். ராபர்ட் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

தொழில் என்ற கட்டத்தில் ராபர்ட் எழுதியிருந்ததைக் கதிர்வேல் இரண்டு வாரம் கழித்துத்தான் படித்தார். அதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. மேலே அனுப்பிய சிறுபான்மையினரைத் திரும்பப் பெறுவதற்கு விதியில் இடம் கிடையாது.

பயிற்சி வகுப்பு சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நடந்தது. வகுப்பு எடுத்தவர் மன்றத்தின் தலைவர் கண்ணாயிரம். மேலவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மூன்றாவது தடவையாகத் தலைவர். கதிர்வேல் விஷயத்தை இன்னும் அவர் காதில் போட்டிருக்கவில்லை. நல்ல செய்தியானால்தான் தலைவருக்கு உடனே சொல்வது வழக்கம்.

“உன்னோட கஸ்டமரு ஒரு தடவ வாங்குனா மறுபடி வர்றாங்களா?” என்று கண்ணாயிரம் ராபர்ட்டைப் பார்த்துக் கேட்டார்.

“இல்லீங்க ஐயா.”

“ஒருத்தருகூடவா?”

“இதுவரைக்கும் யாரும் வரல.”

கண்ணாயிரம் மற்ற ஒன்பது பேரையும் பார்த்து வருத்தத்தோடு தலையாட்டினார். “பாத்தீங்களா? இதான் தரம்ங்கிறது. வாங்குனவன் ஏன் திரும்பி வரல, என்னா கொறன்னு அவன்கிட்டயே போயிக் கேக்கணும். கேட்டியா நீ?”

தொப்பி தைக்கிற பாய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கதிர்வேல் எழுந்து போய்த் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். கண்ணாயிரம் மேசைமேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அன்றிலிருந்து மன்றத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று வாய்மொழி உத்தரவானது. பதிவேட்டில் ‘பேழை’ என்று எழுதினார்கள். அதுவும் உறுத்தியதால் பிறகு ‘பொருள் எண் ஒன்பது’ என்றானது.

பெயரை மாற்றி என்ன பயன்? விதி பதினான்கு குறுக்கே நின்றது.

விதி பதினான்கு முதல் விற்பனையைப் பற்றியது. நம் ஊரில் எது தொடங்கினாலும் மேடையில் ஒருவர் கொடுக்க இன்னொருவர் பெற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் கேமராவைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அது தொடங்கியதாகக் கணக்கு. மன்றத்திலும் அப்படியே. கைதூக்கப்படுகிறவர் தன் சரக்கில் ஒன்றை மேடைக்குக் கொண்டுவருவார், ஒரு பெரிய மனிதர் அதைப் பெற்றுக்கொள்வார், சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழைக் காட்டினால் கொட்டகையின் சாவி கிடைக்கும். மற்ற ஒன்பது பேருக்கும் இதில் ஒரு சிக்கலும் இல்லை. அப்பளக் கட்டைப் பொருளாளர் வாங்கினார். தொப்பியைக் கண்ணாயிரமே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மத நல்லிணக்கம் என்று சொல்லி மத்தியானச் சாப்பாடு முடிகிறவரை கழற்றவில்லை.

ராபர்ட்டின் முதல் பெட்டியை யார் வாங்குவது?

புரட்டாசிக் கூட்டத்தில் பொருளாளர் வாங்குவார் என்று தீர்மானம் போட்டார்கள். மறுநாளே மூட்டுவலி என்று அவர் புதுச்சேரியில் மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். ஐப்பசியில் துணைத்தலைவர் பெயரை எழுதினார்கள். பன்னிரண்டு வருஷம் அந்தப் பதவிக்கு ஆலாய்ப் பறந்த மனிதர், பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கார்த்திகையில் மூன்று பேர் மலைக்கு மாலை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கு அதுவரை சாமி நம்பிக்கையே கிடையாது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ராபர்ட்டை வரச் சொல்லியிருந்தார்கள். அவன் சுவரோரம் நிற்பான். உறுப்பினர்கள் அவன் கண்ணைக் கவனித்துவிட்டார்கள். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை, தோளின் குறுக்கே ஒருமுறை. பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். நாற்காலிக்கு அடியில் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கண்ணாயிரம் தோள் தெரியாதபடி பெரிய டர்க்கித் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு வரத் தொடங்கினார். ராபர்ட்டுக்கு இது ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, “ஒடம்பப் பாத்துக்குங்க ஐயா” என்று ஒருநாள் மரியாதையாகச் சொன்னான். அன்றைக்குக் கூட்டம் பாதியில் கலைந்தது.

தை பிறந்தது. சிவப்புக் குறி போட்டவர்கள் மறுபடி வந்து, “இன்னும் கெளம்பலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ராபர்ட் கதிர்வேலுக்கு போன் போட்டான். கதிர்வேலுக்கும் நெருக்கடிதான். மாசியில் ஆண்டு விழா. பத்துப் பேரையும் தூக்கியாயிற்று என்று மேலே எழுதியாக வேண்டும். ஒன்பதரை என்று எழுத முடியாது. வழி ஏதாவது அகப்படுமா என்று பார்க்க அவரே முதுநகர் கொட்டகைக்கு வந்தார். பெரிய பெட்டிகளின் பக்கம் திரும்பாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தார். அதனால்தான் பரணில் இருந்தது கண்ணில் பட்டது.

மூன்றேகால் அடி நீளம். பலா மரம், ஐந்து வருஷத்தில் பொன்னிறம் ஏறிக் கறுத்திருந்தது. மற்றப் பெட்டிகளைப் போலத் தோள் அகன்று கால் குறுகியதாக இல்லாமல் நேர் செவ்வகமாக இருந்தது. மூடியில் சிலுவை இல்லை. பக்கத்துக்கு ஒரு பித்தளைப் பிடி. விளிம்பெல்லாம் கை வைத்தால் வழுக்கும்படி இழைத்திருந்தது.

“இது என்னாப்பா இது? ஜோரா இருக்குதே!”

“அது விக்கிறதுக்கு இல்ல சார்.”

“யாரு விக்கச் சொன்னா? மேடையில வித்தாப் போதும். போட்டோ எடுத்ததும் நீயே வூட்டுக்குத் தூக்கிக்கினு போயிடு.”

“வேற ஒண்ணு புதுசா அடிச்சித் தர்றேன் சார். ரெண்டு நாளு போதும்.”

அதற்குள் கதிர்வேல் செல்போனில் படம் எடுத்துவிட்டார். சாயங்காலமே அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று. அழைப்பிதழில் அச்சான பொருள்தான் மேடைக்கு வர வேண்டும், அதற்கும் ஒரு விதி இருந்தது. இரண்டு கையால் வாங்கிவிடலாம், ஆறு பேர் வேண்டாம், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது என்று கதிர்வேலுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அது எதற்கான பெட்டி என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும் என்று பயந்தாரோ என்னவோ.

அது எழிலரசியின் பெட்டி.

எழிலரசி ராபர்ட்டின் ஒரே பெண். 2004 கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி ஆரோக்கியம்மாள், நாலு வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பிச்சாவரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. பத்தரை மணிக்கே ராபர்ட்டின் கொட்டகை வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். இருந்த மூன்று பெட்டியும் போயிற்று. பிச்சாவரம் பக்கம் காடு தண்ணீரைத் தடுத்துவிட்டது, அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். ராபர்ட் நம்பினான். நம்பத்தானே தோன்றும். இரண்டு நாள் கண் மூடாமல் பதினோரு பெட்டி அடித்தான். மூன்றாம் நாள் பஸ் ஓடத் தொடங்கியதும் போய் இறங்கினான். ஆரோக்கியம்மாள் இருந்தாள். எழிலரசியை மற்றவர்களோடு சேர்த்து முதல் நாளே பெரிய குழியில் வைத்து மூடிவிட்டார்கள். பெட்டி இல்லை; சுற்றுவதற்கு ஒரு பாய்கூட அகப்படவில்லை என்றார்கள்.

திரும்பி வந்து அவளுக்கு ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தான். யாருக்கு, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பலகையை எடுத்து வைத்தால் அளவு வரவில்லை. எதிரே நிற்கிற எவரையும் கண்ணால் அளந்துவிடுகிறவனுக்குத் தன் பெண் எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை. அவளை அவன் அப்படிப் பார்த்ததே கிடையாது. கடைசியில் கொடியில் கிடந்த அவளுடைய கவுன் ஒன்றை எடுத்துவந்து பலகைமேல் விரித்துப் பென்சிலால் கோடு போட்டான். சிலுவை செதுக்கவில்லை. அது இருந்தால் பெட்டி நிஜமாகிவிடும் என்று இருந்தது.

அன்றிலிருந்து அது பரணில் இருக்கிறது. பலா மரம் வெயிலுக்கும் பனிக்கும் மாறி மாறிச் சடசடக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ராபர்ட் உளியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்ப்பான். மரம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பான்.

விழாவுக்கு முதல் நாள் பெட்டியை இறக்கி வீட்டுக்கு எடுத்துவந்தான். ஆரோக்கியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“இத எங்க எடுத்துக்கினு போறீங்க?”

“சிதம்பரத்துக்கு. மேடையில வச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்களாம்.”

“குடுத்துடுவாங்களா?”

“செகரட்டரி சொன்னாரு.”

 அவள் உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்துவந்து பெட்டியைச் சுற்றினாள். சுற்றிய பிறகும் கையை எடுக்காமல் அதன்மேலேயே வைத்திருந்தாள்.

“அந்தத் தகரக் கொட்டா இல்லன்னா நமக்கு வேற எடம் ஏதுங்க? போயிட்டு வாங்க. கீழ கீழ வைக்காதீங்க இத.”

மண்டபத்தில் முதல் நாள் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் தெர்மோகோல் எழுத்துகளில் ‘இளவரசு – இளவரசி’ என்று அப்படியே இருந்தது. கழற்ற நேரமில்லாமல் அதன்மேலேயே மன்றத்தின் பேனரைக் கட்டிவிட்டார்கள். ஓரத்தில் ‘இளவரசி’ மட்டும் தெரிந்தது. வாடிய சம்பங்கி வாசனை. ராபர்ட் போர்வையைப் பிரித்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

வரவேற்பு நடனத்துக்கு ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். பத்து வயசு இருக்கும். கால் சலங்கையோடு மேடைக்கு ஓடிய அவர்கள்மேல் ராபர்ட்டின் கண் வழக்கம்போல் இறங்கத் தொடங்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நடனம் முடிகிறவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழிலரசிக்கும் இப்போது பத்து வயசு நடந்துகொண்டிருக்கும். சலங்கைச் சத்தம் நின்ற பிறகும் ஒரு சலங்கை மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பதாக அவனுக்குக் கேட்டது.

கண்ணாயிரம் தலைமையுரை ஆற்றினார்.

“சிறுபான்மையினர் வளர்ந்தால்தான் மன்றம் வளரும். மன்றம் வளர்ந்தால்தான் நான் மூன்றாவது முறையாக இந்த மேடையில் நிற்க முடிகிறது. கைதூக்கிவிடுவது லேசான காரியம் அல்ல, பெரியோர்களே. தூக்கின கையை நாம விட்டுடவே கூடாது. விட்டுட்டோம்னு வைங்க, அவன் பாட்டுக்கு நடந்து போயிடுவான். அப்புறம் அடுத்த விழாவுக்கு நாம யாரைக் கூப்பிடுறது?”

பலமான கைதட்டல்.

சிறப்பு விருந்தினராகப் பண்ருட்டியிலிருந்து முந்திரி ஏற்றுமதி செய்கிற உத்திராபதி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, பருத்த உடம்பு, எதற்கும் உடனே சிரித்துவிடுகிற முகம். “கைவினைக் கலைஞர் திரு. ராபர்ட் அவர்களின் கலைநயமிக்க மரப்பேழை! முதல் விற்பனை!” என்று மைக்கில் முழங்கினார் கதிர்வேல். கண்ணாயிரம் கொடுக்க உத்திராபதி இரண்டு கையாலும் வாங்கினார். கேமரா மின்னியது. மேடைக்கு ஏறி வந்த ராபர்ட்டின் வலது கையில் சான்றிதழைத் திணித்து, இடது கையைக் கண்ணாயிரமும் கதிர்வேலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கினார்கள். அது மன்றத்தின் வழக்கம்.

உத்திராபதி பெட்டியைக் கீழே வைக்கவில்லை. முகர்ந்து பார்த்தார்.

“பலா! எங்கூரு மரம். அட, என்னா எழைப்புய்யா இது!” மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது. “இத நானே எடுத்துக்கினு போறேன். வூட்ல பேத்தி இருக்கா. நாலு வயசு. பொம்மயெல்லாம் வாரி வாரி எறைக்கிறா. இதுல போட்டு வச்சிக்கட்டும். பொம்ம எங்க, அவளே உள்ள படுத்துக்குவா, சரியான வாலு!”

எல்லோரும் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தார்.

ராபர்ட் அவர் பக்கம் சாய்ந்து, “சார், திருப்பிக் குடுப்பாங்கன்னு சொன்னீங்களே” என்றான்.

“வுடுப்பா. பெரிய மனுசன் ஆசப்படுறாரு. நீ வேற ஒண்ணு அடிச்சிக்க. சாவி இப்பவே தர்றேன்.” கதிர்வேல் சட்டைப்பையிலிருந்து நிஜமாகவே சாவியை எடுத்து ராபர்ட்டின் கையில் வைத்தார். சாவியில் ஒன்பது என்று தகடு தொங்கியது. கூடவே ஏற்புரைக்கு எழுதி வைத்திருந்த சீட்டையும் கொடுத்து மைக்குக்கு முன்னால் தள்ளிவிட்டார். சீட்டில் ஆறு வரி. ‘நான் இருளில் இருந்தேன். மன்றம் விளக்கேற்றியது’ என்று தொடங்கியது.

ராபர்ட் சீட்டைப் பார்த்தான். உத்திராபதியின் கை பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்தான். படித்துவிட்டு இறங்கினால் ஒன்பதாம் எண் அவனுடையது. மழைக்கு நனையாத கூரை, ஆரோக்கியம்மாளுக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்தப் பெட்டி பண்ருட்டியில் ஒரு வீட்டுக்குள் போகும். அதில் ஒரு நாலு வயசுப் பிள்ளை ஏறிப் படுத்து, விளையாட்டுக்கு மூடியைச் சாத்திக்கொள்ளும். 

“ஐயா,” என்றான் மைக்கில். “அதுல பாப்பாவப் படுக்க வைக்காதீங்க. அது சவப்பெட்டி. கொழந்தைக்குச் செஞ்சது. எம் பொண்ணு எழிலரசிக்கு. சுனாமில போயிட்டா. ஊருக்கெல்லாம் பொட்டி அடிச்சேன், அவுளுக்குக் குடுக்க முடியல. அத எங்கிட்டயே குடுத்துருங்க.”

 உத்திராபதி பெட்டிக்குள்ளிருந்து கையை எடுத்தார். பெட்டியை மெதுவாக மேசைமேல் வைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து செல்போனை எடுத்தார்.

“அலோ... பாப்பா என்னா பண்ணுது? ... தூங்குதா? எழுப்பு. ... எழுப்புன்னு சொல்றேன்ல! போன அவகிட்ட குடு.”

இருநூறு பேர் காத்திருந்தார்கள். மறுமுனையில் ஒரு பிள்ளை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கியது மைக் வழியாக மண்டபத்துக்கே கேட்டது. ராபர்ட்டுக்கும் கேட்டது. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

உத்திராபதி போனை மடித்து வைத்துவிட்டு ராபர்ட்டின் பக்கம் வந்தார். “சொன்னியே தம்பி. நல்லாருப்ப” என்றார். பிறகு கண்ணாயிரத்தைப் பார்த்து, “இவுருக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துருங்க. நான் கெளம்புறேன்” என்றார். சாப்பிடாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

கண்ணாயிரம் மைக்கைப் பிடித்தார். எந்தச் சந்தர்ப்பத்திலும் அவருக்குச் சொல் வராமல் போனதில்லை.

“திரு. ராபர்ட் அவர்களின் உணர்ச்சிபூர்வமான பகிர்வுக்கு மன்றத்தின் சார்பில் நன்றி. அன்னாரின் மகள் மறைவுக்கு மன்றம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அதே சமயம், பொருளின் உண்மையான பயன்பாடு மன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை என்பதையும் வேதனையோடு பதிவு செய்கிறோம். சிறப்பு விருந்தினர் ஐயா சொன்னது எங்களுக்குக் கட்டளை. ஆனால் பொருள் திரும்பிவிட்டது. பொருள் திரும்பினால் விற்பனை இல்லை. விற்பனை இல்லையென்றால் விதி பதினான்கு இல்லை. விதியை மீறிச் சிறுபான்மையினருக்குச் சலுகை காட்டினால் நாளைக்கு மன்றத்தைப் பாரபட்சம் என்பார்கள். அந்தப் பழிச்சொல் திரு. ராபர்ட் அவர்களுக்கு வரக் கூடாது என்ற ஒரே அக்கறையினால்தான் சான்றிதழைத் திரும்பப் பெறுகிறோம். அடுத்து, இரங்கல் தெரிவிக்கும் வகையில் ஒரு நிமிடம் மௌனம். அதற்கடுத்து மதிய உணவு.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அரை நிமிஷத்தில் சாம்பார் வாளி வைக்கிற சத்தம் கேட்டதும் மௌனம் நிறைவுற்றது.

கதிர்வேல் கையை நீட்டினார். ராபர்ட் சான்றிதழைக் கொடுத்தான். சாவியையும் கொடுத்தான். கைதூக்கிய போட்டோவை என்ன செய்வது என்று கதிர்வேல் யோசித்தார். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதால் ஆண்டறிக்கையில் போடலாம் என்று கண்ணாயிரம் முடிவு சொன்னார். அந்த வருஷ அறிக்கையில் கைதூக்கப்பட்டவர்கள் பத்துப் பேர் என்றுதான் இருக்கிறது.

மண்டபத்து மேனேஜர் ஒரு கையில் சூடத்தட்டும் மறு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்புமாக ஓடிவந்தார். “மொதல்ல இத வெளிய எடுய்யா! நாளைக்கி முகூர்த்தம் இருக்குது. முன்வாசல்ல வேணாம், பின்னால போ!” ராபர்ட் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு எச்சில் இலை வெளியே போகிற வழியாக வெளியே வந்தான். தொப்பி தைக்கிற பாய் பந்தியிலிருந்து எழுந்து வந்து, தெருமுனை வரை கூடவே நடந்தார். பிறகு திரும்பிவிட்டார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ராபர்ட் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஆரோக்கியம்மாளிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். கொட்டகை இல்லை என்பதைச் சொல்லிவிடலாம். இந்தப் பெட்டிக்குள் ஒருவர் கை விட்டுத் தடவினார் என்பதை எப்படிச் சொல்வது? காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் பெட்டி கொள்ளவில்லை. நடைபாதையில் வைக்க மனம் வரவில்லை. கண்டக்டர் வந்தார்.

“என்னாய்யா இது? லக்கேஜ் போடணும். உள்ள என்னா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“காலியா?” கண்டக்டர் போர்வைக்கு மேலாகத் தட்டிப் பார்த்தார். “கீழ வைக்காத, ஆளுங்க மிதிப்பாங்க. நிமித்தி மடியில வச்சிக்க. கடலூரு ஒண்ணு, சில்லறையாக் குடு. மடியில வச்சிக்கிறதுக்கு டிக்கெட் இல்ல.”

ராபர்ட் பெட்டியை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டான். அதன் மேல் பக்கம் அவன் தலைக்கு மேல் ஒரு சாண் நின்றது. தோளோடு சாய்த்துக்கொண்டான். பஸ் நகர்ந்ததும் உள்ளே மரம் ஒருமுறை சடசடத்தது. ராபர்ட் அழுதான். ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பெரிய குழியின் பக்கத்தில் நின்றபோதுகூட அழுகை வந்ததில்லை. பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முட்லூரில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். முன்கம்பியில் இடித்துவிடாமல் ராபர்ட் பெட்டிக்குக் குறுக்கே கையை வைத்துப் பிடித்துக்கொண்டான். கடலூர் வருகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.